இதற்குச் சட்டம் உண்டா?

(அட்டனில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். காணியுரிமை, வீட்டுரிமை பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை எடுத்துரைக்கத் தோழர்கள் பலர் இம்மேடையில் உளர். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள், தொழிற்சங்க மேடைகளில் பேசப்படாத பொருள். பிள்ளைப்பேற்றின்போது தாயின் உடலில் உண்டாகும் காயங்களைப் பற்றியும், அக்காயங்களை ஆற்றுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட ஓர் அறுவை மருத்துவரைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். "இதை ஆண்கள் முன்னிலையிற் பேசலாமா?" என்று நண்பர் ஒருவர் எம்மைக் கேட்டார். ஆண்கள் செவியில் விழவேண்டும் என்பதற்காகவே இக்கூட்டத்தைத் தேர்ந்துகொண்டோம் என்று விடை கூறினோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மலையுச்சியில் அமைந்த தோட்டமொன்றிற்குச் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல ஊழியர் சேமலாப நிதிப் பத்திரங்களுடன் தாய்மார் வரிசையில் நின்றனர். கடைசியாக வந்த பெண்ணின் கையிற் பத்திரம் எதுவும் இல்லை. நாற்பது வயதிருக்கும். சுற்றியிருந்தோர் கலைந்துபோகும் வரை காத்திருந்தார். பின்னர் மெல்லிய குரலிற் சொன்னார்:

"மூணாவது புள்ளைக்கு அப்புறம் அடி எறங்கிருச்சும்மா. பதினோரு வருசமாச்சு. துணியக் கட்டிக்கிட்டுத்தான் கொழுந்து எடுக்கிறேன். வீட்டுல அவருக்கும் சொல்லல. இதுக்கெல்லாம் சட்டம் இருக்காம்மா?"

சட்டம் படித்த நமக்கு அன்று உடனே விடை சொல்ல வரவில்லை. இன்றைய உரை முழுவதும் அந்தத் தாயின் கேள்விக்கு நாம் தேடிய விடையேயாகும்.

முதலில் நோய் எது என்பதை அறிந்துகொள்வோம். பிள்ளை பிறக்கும் வழி ஒடுங்கியிருந்தாலோ, பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, வலி இரண்டு நாள், மூன்று நாள் என நீள்கிறது. தக்க வேளையில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்க மருத்துவர் இல்லையென்றால், பிள்ளையின் தலை தாயின் மூத்திரப்பையை இடுப்பெலும்போடு வைத்து நசுக்குகிறது. நசுங்கிய இடத்திற்கு இரத்தம் ஓடுவதில்லை. இரத்தம் ஓடாத தசை செத்துப்போகிறது. சில நாட்களில் அது உதிர்ந்து, அங்கே ஒரு துளை விழுகிறது. அதன் பின்னர் இரவும் பகலும் சிறுநீர் தானாகவே கசிந்துகொண்டிருக்கும். சில வேளை மலவழியிலும் இவ்வாறே துளை விழும். பெரும்பாலும் பிள்ளையும் இறந்தே பிறக்கும். இதனை மருத்துவர் பிஸ்துலா என்பர். நாம் புரை எனலாம்.

இரண்டாவது, கருப்பை இறக்கம். கருப்பையைத் தாங்கி நிற்கும் தசைகளும் நார்களும் பேற்றின்போது இழுபட்டுத் தளர்கின்றன. அவை மீண்டும் இறுகுவதற்கு ஓய்வும் காலமும் வேண்டும். அவை கிடையாமற் பாரம் தூக்கினால், தளர்ந்த தசை மேலும் தளர்ந்து, கருப்பை மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. மூன்றாவது, பிள்ளை வரும் வாயில் ஆழமாகக் கிழிந்து, சரிவரத் தைக்கப்படாமற் போவதால் வரும் துன்பம். இம்மூன்றும் உயிரை உடனே பறிப்பன அல்ல. ஆதலால் இறப்புப் பதிவேட்டில் இவற்றுக்கு இடமில்லை. உயிரோடு இருந்துகொண்டே ஒதுங்கி வாழ்வதற்கு எந்த நாட்டில் பதிவேடு இருக்கிறது?

இந்தப் புரை புதிய நோயன்று. எகிப்து நாட்டிலே ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹென்ஹெனித் என்னும் அரச குலப் பெண்ணின் பதனிட்ட உடலை 1935ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, மூத்திரப்பையில் இதே துளை காணப்பட்டது. அரண்மனையிலே வாழ்ந்தவளையும் அன்று காப்பாற்ற வழியில்லை. இன்றோ வழி இருக்கிறது. எனவே இன்று இந்நோய் அரண்மனைப் பக்கம் போவதில்லை. குடிசையையே தேடி வருகிறது.

இதற்கு அறுவை முறை கண்டவர் என்று நூல்கள் போற்றும் மாரியன் சிம்ஸ் என்பவர், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1845 முதல் 1849 வரை தம் சோதனைகளை நடத்தினார். யார் மீது நடத்தினார்? அடிமைப் பெண்கள் மீது. அனார்க்கா, பெற்சி, லூசி என்னும் மூவரின் பெயர் நமக்குத் தெரியும். அனார்க்காவின் உடலில் மட்டும் முப்பது முறை அளவிற் கத்தி வைக்கப்பட்டது. மயக்க மருந்து கொடுக்கப்படவில்லை. சம்மதம் கேட்கப்பட்டது அவர்களுடைய எசமானர்களிடம். மருத்துவம் வென்றது உண்மை; அந்த வெற்றிக்கு விலை கொடுத்தோர் தோட்டங்களிலே பாடுபட்ட பெண்கள் என்பதும் உண்மை. நியூயோர்க் நகரத்துப் பூங்காவில் நின்ற சிம்ஸின் சிலையை 2018ஆம் ஆண்டில் அகற்றினார்கள். நூற்றெழுபது ஆண்டுகள் கழித்தேனும் அனார்க்காவின் வழக்கு விசாரணைக்கு வந்தது.

இனி, நாம் சொல்லவந்த மருத்துவரிடம் வருவோம். அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலே 1924ஆம் ஆண்டு பிறந்தவர் கத்தரின் ஹாம்லின். அவரும் அவருடைய கணவர் ரெஜினால்டும் மகப்பேற்று மருத்துவர்கள். எத்தியோப்பியாவில் மருத்துவமாதரைப் பயிற்றுவிக்க ஆள் தேவை என்று மருத்துவ இதழொன்றில் வந்த விளம்பரத்தைக் கண்டு, மூன்றாண்டு ஒப்பந்தத்தில் 1959ஆம் ஆண்டு அடிஸ் அபாபா சென்றனர். அங்கே அவர்கள் முன்னர் கண்டிராத காட்சியைக் கண்டனர். மலைநாட்டுக் கிராமங்களிலிருந்து நாட்கணக்கில் நடந்து, பஸ்ஸில் ஏற்ற மறுக்கப்பட்டு, ஈரத் துணியோடு வைத்தியசாலை வாயிலில் வந்து நின்றனர் இளம் பெண்கள். கணவன் விலக்கிய பெண்கள். ஊர் ஒதுக்கிய பெண்கள். தங்கள் நாட்டில் மறைந்துபோன இந்நோயை எப்படித் தைத்து மூடுவது என்பதைப் பழைய நூல்களைத் தேடிப் படித்தும், அனுபவமுள்ளோரைக் கேட்டும் அந்த மருத்துவர் இருவரும் கற்றுக்கொண்டனர். மூன்றாண்டுக்கென்று போனவர்கள் திரும்பவே இல்லை. 1970களின் நடுவில் இந்நோய்க்கென்றே தனி வைத்தியசாலையை எழுப்பினர். கணவர் 1993இல் மறைந்தார். கத்தரின் தொண்ணூறு வயதை எட்டிய காலத்திலும் அறுவைக் கூடத்தை விட்டகலவில்லை. 2020 மார்ச் 18ஆம் நாள், தம் 96ஆம் வயதில் அடிஸ் அபாபாவிலேயே கண்மூடினார். அவர்கள் தொடங்கிய பணியால் 60,000க்கும் மேற்பட்ட பெண்கள் சிகிச்சை பெற்றனர். குணமாகி வீடு திரும்பும் ஒவ்வொரு பெண்ணுக்கும் புதிய உடையொன்றை உடுத்தி அனுப்புவது அந்த வைத்தியசாலையின் வழக்கம்.

தாய்மார்களே, அந்த வைத்தியசாலையில் நம் நெஞ்சைத் தொட்ட வரலாறு இன்னொன்று உண்டு. மமித்து காஷே என்னும் பெண், 1960களில் நான்கு நாள் வலிக்குப் பின் பிள்ளையையும் இழந்து, காயத்தோடு அங்கு வந்து சேர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். சிகிச்சைக்குப் பின் அங்கேயே தங்கிப் படுக்கை விரித்தார். பின்னர் அறுவைக் கூடத்தில் கருவிகளை எடுத்துக் கொடுத்தார். பின்னர், ரெஜினால்ட் ஹாம்லின் கைபிடித்துக் கற்பிக்க, தாமே அறுவை செய்யக் கற்றார். படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர்கள் அவரிடம் வந்து பயின்றனர். 1989இல் இலண்டன் அறுவை மருத்துவர் கழகத்தின் பதக்கம் அவர் குழுவினரோடு அவருக்கும் கிடைத்தது. படிக்காத மலைநாட்டுப் பெண்ணின் கையை இகழ்வோர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். ஒரு நொடியில் இரண்டிலையும் மொட்டும் தேர்ந்து கிள்ளும் கை எதைத்தான் கற்றுக்கொள்ளாது?

ஆனால் ஹாம்லின் அம்மையாரின் வாழ்விலிருந்து நாம் கற்கவேண்டிய பெரும் பாடம் அறுவையைப் பற்றியதன்று. எத்தனை பேரைத் தைத்து அனுப்பினாலும் அத்தனை பேர் புதிதாக வந்துகொண்டேயிருந்தனர். ஆகவே 2007ஆம் ஆண்டில் மருத்துவமாதர் கல்லூரியொன்றைத் திறந்தார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து, பயிற்றி, அவர்களுடைய பகுதிகளுக்கே திருப்பி அனுப்பினார். அறுவை மருத்துவரின் இறுதி இலட்சியம் தம் அறுவைக் கூடம் வெறுமையாவதே என்பதை அவர் செயலிற் காட்டினார்.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். நீதி பிறழாமற் பேசுவோமாயின், தாய்மாரைக் காப்பதில் இலங்கை பெருமை கொள்ளத்தக்க நாடு. 1879இல் கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று இல்லம் திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. மருத்துவமாது வீடு தேடிச் செல்லும் முறை அதன் வழியே நாடெங்கும் பரவியது. 1930களில் ஒரு இலட்சம் பிள்ளைப்பேற்றுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். அண்மைக் காலத்திற் பெரும்பாலான ஆண்டுகளில் அத்தொகை நாற்பதுக்கும் கீழே. பணக்கார நாடுகளும் வியக்கும் சாதனை இது.

இந்தச் சாதனையின் வெளிச்சம் தோட்டங்களுக்கு எப்பொழுது வந்தது? கிராமத்துத் தாய்க்கு அரசு மருத்துவமாது கிடைத்த காலத்தில், தோட்டத்துத் தாயின் உடல்நலம் தோட்டத் துரையின் பொறுப்பு என்று விடப்பட்டது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களுக்கு அரசைக் கேட்கும் வாயும் அடைபட்டது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கவேண்டும் என்னும் கொள்கை 1990களிலேயே ஏற்கப்பட்டது. சில இடங்களில் நிறைவேறியது; எல்லா இடங்களிலும் நிறைவேறவில்லை. இன்று தோட்டத்துத் தாய்மாரும் ஏறக்குறைய அனைவரும் வைத்தியசாலையிலேயே பிள்ளை பெறுகின்றனர். எத்தியோப்பியாவில் ஆயிரமாயிரமாகக் கண்ட புரை இங்கு மிக அரிதாகிவிட்டது. அது நம் மருத்துவமாதரும் மருத்துவர்களும் ஈட்டிய வெற்றி. ஆனால் கருப்பை இறக்கமும், ஆறாத கிழிசலும், இருமினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசியும் துன்பமும் அரிதாகிவிட்டன என்று எவர் சொல்வார்? நாம் செல்லும் தோட்டந்தோறும், கூட்டம் கலைந்த பின்னர், கையில் பத்திரம் இல்லாத பெண் ஒருவர் கடைசியாக நிற்கிறார்.

தடேயஸ், மெயின் என்னும் ஆய்வாளர் இருவர் 1994இல் ஒரு கணக்குக் காட்டினர். தாய்மாருக்குத் தீங்கு வருவது மூன்று தாமதங்களால் என்றனர். வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்று முடிவெடுப்பதில் ஒரு தாமதம். போய்ச் சேர்வதில் ஒரு தாமதம். சேர்ந்த பின் தக்க சிகிச்சை கிடைப்பதில் ஒரு தாமதம். இம்மூன்றையும் நம் லயத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள்.

முடிவெடுப்பது யார்? மாமியாரும் கணவரும். நாட்சம்பளம் போய்விடுமே என்னும் அச்சம் அவர்களோடு கூடவே அமர்ந்து முடிவெடுக்கிறது. போய்ச் சேர்வது எப்படி? 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்; நல்ல சேவை. ஆனால் பல தோட்டங்களில் மேல் லயத்திலிருந்து அம்புலன்ஸ் நிற்கும் இடம்வரை தாயைத் தூக்கிக்கொண்டல்லவா இறங்கவேண்டியிருக்கிறது? தேயிலை ஏற்றும் லொறிக்குப் பாதை உண்டு. தாய்க்குப் பாதை இல்லை. போய்ச் சேர்ந்த பின்? தன் துன்பத்தைத் தன் மொழியிற் சொல்லக் கேட்பவர் வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் கூறுகிறது. ஆயினும், தாம் வாசிக்க அறியாத மொழியில் எழுதிய சம்மதத் தாளிற் பெருவிரல் பதித்த தாய்மாரை நாம் சந்தித்திருக்கிறோம். எதற்குச் சம்மதித்தோம் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. அனார்க்காவிடம் சம்மதம் கேட்கவில்லை; இவர்களிடம் கேட்டார்கள், ஆனால் விளங்கும்படி கேட்கவில்லை. தமிழில் மருத்துவம் சொல்ல முடியாது என்பாரும் உளர். 1850களிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மகப்பேற்று மருத்துவ நூலைத் தமிழில் அச்சேற்றினார். தமிழிலேயே மாணவரைப் பயிற்றி மருத்துவராக்கினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் முடிந்தது இன்று எப்படி முடியாமற் போகும்?

இப்பொழுது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். இதற்குச் சட்டம் உண்டா?

அண்டை நாடான நேபாளத்தில் உண்டு. அங்கேயும் மலை; அங்கேயும் பேறு முடிந்த சில நாட்களிலேயே பாரம் சுமக்கும் பெண்கள். கருப்பை இறக்கத்தால் துன்புறும் அப்பெண்களுக்காகப் பொதுநல வழக்கொன்று தொடரப்பட்டது. 2008ஆம் ஆண்டு நேபாள உயர்நீதிமன்றம், இந்நோயை அரசு கவனியாது விட்டது பெண்களின் அடிப்படை உரிமையை மீறியதாகும் எனத் தீர்ப்பளித்தது. சிகிச்சை கொடு, விழிப்பூட்டு, சட்டம் இயற்று என்று அரசுக்குக் கட்டளையிட்டது. ஒரு பெண் கூச்சத்தால் துணிகட்டி மறைத்த நோயை நாட்டின் அதியுயர் மன்றம் உரிமைப் பிரச்சினையாக ஏற்றுக்கொண்டது. 2018இல் பாதுகாப்பான தாய்மைக்கென்றே அந்நாடு தனிச் சட்டம் இயற்றியது.

நம் நாட்டுச் சட்டமோ பாதி வழியில் நிற்கிறது. நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் உடல்நல உரிமை தனியாக எழுதப்படவில்லை. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் 12ஆம் உறுப்புரை உண்டு. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் உண்டு. பேறு முடிந்து நான்கு கிழமைக்குள் தாயை வேலைக்கு அமர்த்தலாகாது என்றும், பேற்றுக்கு முன்னும் பின்னும் மூன்று மாதம் அவளுக்கோ பிள்ளைக்கோ கேடு தரும் வேலை கொடுக்கலாகாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. பேற்று விடுப்போ 84 நாள். ஆனால் 2018க்கு முன், ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ள தாய்க்கு 42 நாளே தரப்பட்டது. தோழர்களே, அந்தத் தாய் சொன்னது நினைவிருக்கிறதா? மூன்றாவது பிள்ளைக்குப் பின்னரே அவருக்கு நோய் வந்தது. ஆறாம் கிழமை முடிந்ததும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறினார். எந்தப் பேற்றில் உடல் அதிகம் தளர்ந்திருந்ததோ அந்தப் பேற்றுக்கே சட்டம் ஓய்வைப் பாதியாக வெட்டியது. அவருடைய கருப்பையைக் கீழிறக்கியது விதியா, விதிமுறையா? 2018ஆம் ஆண்டுத் திருத்தம் எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் என்று ஆக்கியது. அது நல்ல திருத்தம். அவருக்கு வெகு தாமதமாக வந்த திருத்தம்.

பல தோட்டங்களில் ஒரு நாட்பெயருக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து கேட்கிறார்கள். சிலவற்றில் அதற்கு மேலும் கேட்கிறார்கள். மழைக்காலத்தில் ஈரக் கொழுந்தின் பாரம் உங்களுக்குத் தெரியும். கேடு தரும் வேலை எது என்று சட்டம் கேட்கிறது. சரிவில் நின்று, நெற்றியிற் கயிறு மாட்டி, பாரக் கூடையை முதுகில் ஏந்துவது, பெற்று மூன்று மாதம் ஆகாத தாய்க்குக் கேடு தரும் வேலையே என்று நாம் வாதாடுகிறோம். சட்டத்தின் எழுத்து நம் பக்கம் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லும் வாய் பெரட்டுக்களத்தில் இல்லை, அதுவே குறை.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. பேறு முடிந்து மூன்று மாதத்துக்கும், இந்நோய்க்கு அறுவை செய்துகொண்ட பின்னர் மருத்துவர் குறிக்கும் காலத்துக்கும், சம்பளம் குறையாமல் இலகு வேலை வேண்டும். அம்புலன்ஸ் ஒவ்வொரு லயத்தருகிலும் வந்து திரும்பப் பாதை வேண்டும். தோட்டத்திலே பிறந்து பள்ளிப்படிப்பு முடித்த நம் பெண்பிள்ளைகளைத் தேர்ந்து மருத்துவமாதராகப் பயிற்றி, தோட்டங்களுக்கே அனுப்பவேண்டும். எத்தியோப்பியா செய்ததை இலங்கை செய்ய இயலாதா? சம்மதத் தாள் தமிழில் இருக்கவேண்டும். அதனை வாசித்து விளக்க ஆள் இருக்கவேண்டும். தோட்ட வைத்தியசாலைகள் யாவற்றையும் அரசு ஏற்கவேண்டும். இவை கூட்டு ஒப்பந்த மேசையில், சம்பளக் கோரிக்கைக்கு அருகிலேயே வைக்கப்படவேண்டும்.

அரசிடம் கேட்பது ஒருபுறம் இருக்க, நம்மை நாமே கேட்கவேண்டியதும் உண்டு. தாய்மார்களே, இந்நோய்க்கு மருந்து இருக்கிறது. தொடக்கத்தில் தசைகளை இறுக்கும் பயிற்சியே போதும். சிலருக்கு உள்ளே வளையம் வைத்துத் தாங்குவர். முற்றியவருக்கு அறுவை செய்வர். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குப் பணமில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கிற்குச் செல்லுங்கள். மருத்துவமாதிடம் கூசாமற் சொல்லுங்கள். ஆண் தோழர்களே, உங்கள் வீட்டில் ஒருத்தி பல ஆண்டுகளாகத் துணிகட்டி வேலைக்குப் போகிறாளா என்று நீங்கள் கேட்டதுண்டா? விறகும் தண்ணீரும் யார் தலையில் ஏறுகின்றன என்று பார்த்ததுண்டா? துரையிடம் இலகு வேலை கேட்கும் நாம், அதை முதலில் நம் காம்பராவுக்குள் கொடுத்துப் பழகவேண்டும்.

அந்தத் தாய் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மாதர் தலைவி ஒருவர் துணைசென்றார். அரசாங்க வைத்தியசாலையொன்றில் அறுவை நடந்தது, நலமாகத் திரும்பினார். பாரம் தூக்கலாகாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். வேலைக்குத் திரும்பிய முதல் நாளிலேயே அவர் கையிற் கூடையைக் கொடுத்தார்கள். மருத்துவரின் ஊசி தைத்ததைக் கூடை பிரித்துவிடும் என்பதை எடுத்துரைக்க, தோட்டத் தலைவரும் நாமும் மூன்று முறை பணிமனைப் படியேறினோம். இறுதியிற் பிள்ளைமடுவத்தில் உதவி வேலை கிடைத்தது. அதன் பின்னர் அவரைக் கண்டபோது, தம் நோயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கீழ் லயத்திலிருந்து வேறு இரு பெண்களை எம்மிடம் அழைத்து வந்திருந்தார்.

அம்மா, நீர் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். சட்டம் பாதி இருக்கிறது. இருக்கும் பாதியை நடைமுறைக்குக் கொண்டுவருவதும், இல்லாத பாதியை இயற்றச் செய்வதும் இக்கூட்டத்தின் கடமை. வாய்திறந்து கேட்டதால் அந்தக் கடமையை எமக்கு உணர்த்தியவர் நீர்.